மண்டலங்களைச் சூழ்ந்த வாயு: செய்திகள் சொல்வதும் சான்றுகள் சொல்வதும்

வானியல் செய்திகளைத் தொடர்ந்து படித்து வரும் வாசகர்கள் சென்ற சில ஆண்டுகளில் மூன்று செய்திகளைக் கண்டிருப்பீர்கள். "ஆண்ட்ரோமீடா மண்டலமும் நமது பால்வழி மண்டலமும் ஏற்கெனவே ஒன்றையொன்று தொட்டுவிட்டன" என்பது முதலாவது. "பிரபஞ்சத்தில் காணாமற்போன பொருள் கிடைத்துவிட்டது" என்பது இரண்டாவது. "நட்சத்திர மண்டலத்தைச் சூழ்ந்துள்ள வாயுவைப் படம் பிடித்துவிட்டனர்" என்பது மூன்றாவது.

மூன்றும் ஒரே பொருளைப் பற்றியவை. நட்சத்திரங்கள் கூடி நிற்கும் ஒளிமிகுந்த தட்டுக்கு வெளியே, அதைப்போல் பத்து மடங்குக்கும் அதிகமான தொலைவு வரை பரவி நிற்கும் மிக மெல்லிய வாயுவே அந்தப் பொருள். சந்திரனைச் சுற்றிச் சில இரவுகளில் தோன்றும் வட்டத்தைப் பரிவேடம் என்கிறோம். அதே பொருளில் ஆங்கில நூல்கள் இந்த வாயுவுக்கும் ஒரு பெயரிட்டுள்ளன. ஆனால் சந்திரனின் பரிவேடம் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. எனவே இக்கட்டுரையில் இதைச் 'சூழ்வாயு' என்றே குறிப்பிடுவோம்.

இந்த ஆராய்ச்சி உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. என் குறையெல்லாம் அது நம்மிடம் வந்து சேரும் விதத்தைப் பற்றியதே. ஆராய்ச்சிக் கட்டுரை ஆய்வு நிலையத்தின் அறிக்கையாகிறது. அறிக்கை ஆங்கிலச் செய்தியாகிறது. ஆங்கிலச் செய்தி தமிழுக்கு வருகிறது. இந்த மூன்று கைமாற்றங்களில் எண்கள் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றன. 'எனில்', 'ஒருவேளை', 'குறைந்தது' ஆகிய சிறு சொற்களே உதிர்ந்துவிடுகின்றன. அச்சொற்கள் போனபின் மிஞ்சுவது வியப்பு மட்டுமே. தமிழில் விஞ்ஞானம் படிக்கும் மாணவனுக்கு நாம் தரவேண்டியது அது மட்டும்தானா? மூன்று செய்திகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றுள் எவ்வளவு அளவீடு, எவ்வளவு ஊகம் என்று பிரித்துப் பார்ப்போம்.

ஒரு நல்ல ஊகம் எப்படி இருக்கும்?

முதலில் ஒரு நல்ல முன்மாதிரியைக் காண்போம். 1956-ஆம் ஆண்டு லைமன் ஸ்பிட்சர் என்ற அமெரிக்க வானியலார் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். நமது மண்டலத்தைச் சுற்றிச் சூடான வாயு இருக்க வேண்டும் என்று அதில் வாதிட்டார். கட்டுரையின் தலைப்பிலேயே 'சாத்தியமான' என்ற சொல்லை அவர் வைத்திருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

அவருடைய வாதம் பள்ளி மாணவனுக்கும் விளங்கக்கூடியது. கீடோ மூஞ்ச் என்பவர், பால்வழித் தட்டுக்கு மிக உயரத்திலுள்ள நட்சத்திரங்களின் நிறமாலையில் கால்சியம், சோடியம் ஆகியவற்றின் உட்கவர் கோடுகளைக் கண்டிருந்தார். தட்டிலிருந்து வெகுதூரத்தில் வாயு முகில்கள் இருக்கின்றன என்பது இதன் பொருள். வெற்றிடத்தில் விடப்பட்ட வாயு என்ன ஆகும்? விரிந்து கலைந்துபோகும். ஆனால் இந்த முகில்கள் கலையாமல் நிற்கின்றன. அப்படியானால் வெளியிலிருந்து ஏதோ ஒன்று அவற்றை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.

அழுத்தம் அடர்த்தியையும் வெப்பநிலையையும் பெருக்கி வருவது. வெப்பநிலை நூறு மடங்கு கூடினால், அடர்த்தி நூறில் ஒரு பங்காக இருந்தாலே அழுத்தம் சமமாகிவிடும். எனவே மிகச் சூடான, மிக மெல்லிய வாயு ஒன்று, தான் கண்ணுக்குப் படாமலே முகில்களைத் தாங்கி நிற்க முடியும். அதன் வெப்பநிலை சுமார் 10 லட்சம் டிகிரி என்றும், ஒரு கன மீட்டரில் சுமார் 500 எலக்ட்ரான்கள் இருக்கலாம் என்றும் ஸ்பிட்சர் கணக்கிட்டார். இதைச் சோதிக்கும் வழியையும் அவரே சொன்னார்: காற்று மண்டலத்துக்கு வெளியே சென்று, புற ஊதாப் பகுதியில் பல எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன் அயனிகளின் கோடுகளைத் தேடுங்கள் என்றார்.

அப்போது விண்வெளியில் ஒரு செயற்கைக்கோள்கூட இல்லை. முதல் ஸ்புட்னிக் ஏறியது 1957-இல். 1972-இல் ஏவப்பட்ட கோப்பர்நிக்கஸ் செயற்கைக்கோள்தான் அத்தகைய ஆக்சிஜன் கோடுகளை நமது மண்டலத்துக்குள் முதலில் கண்டது.

ஒரு காட்சி, அதிலிருந்து ஒரு காரணம், அந்தக் காரணத்தைச் சோதிக்க ஒரு வழி ஆகிய மூன்றும் இக்கட்டுரையில் இருந்தன. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய செய்திகளுக்கு வருவோம்.

காணாததை அளப்பது எப்படி?

1963-இல் மார்ட்டன் ஷ்மிட் குவாசர்களின் தொலைவை விளங்க வைத்தார். கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்தும் பிரகாசமாக ஒளிரும் விளக்குகள் அவை. 1969-இல் ஜான் பாக்காலும் ஸ்பிட்சரும் ஒரு கருத்தை முன்வைத்தனர்: குவாசரின் நிறமாலையில் தோன்றும் உட்கவர் கோடுகள் பல, இடையிலுள்ள சாதாரண மண்டலங்களின் விரிந்த வாயுச் சூழலால் உண்டாகின்றன என்றனர். இன்றுவரை சூழ்வாயு ஆராய்ச்சியின் முதன்மையான வழி இதுவே. பின்னால் ஒரு விளக்கு, நடுவே வாயு, முன்னால் நமது தொலைநோக்கி. வந்து சேரும் ஒளியில் எந்த நிறம் குறைந்திருக்கிறது என்று பார்த்தால், எந்த அயனி எத்தனை உள்ளது என்று தெரியும்.

இம்முறையில் அளக்கப்படும் பொருள் எவ்வளவு சொற்பமானது என்பதை ஒரு கணக்கால் உணரலாம். ஐந்து எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனை வானியலார் 'ஆக்சிஜன்-6' என்பர். (நடுநிலை அணுவுக்கு 1 என்று எண் இடுவதால் ஐந்து இழந்தது 6 ஆகிறது.) 2009-இல் ஹப்பிள் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட புதிய புற ஊதா நிறமாலைக் கருவியைக்கொண்டு, ஜேசன் டம்லின்சன் தலைமையிலான குழு 42 மண்டலங்களை ஆராய்ந்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டது. புதிய நட்சத்திரங்களை ஈன்றுகொண்டிருக்கும் மண்டலங்களைச் சுற்றி ஆக்சிஜன்-6 மிகுதியாகக் காணப்பட்டது. ஓய்ந்துபோன மண்டலங்களைச் சுற்றி அது அரிதாகவே இருந்தது. மிக முக்கியமான கண்டுபிடிப்பு இது.

அங்கே ஒரு சதுர செ.மீ. குறுக்களவுள்ள ஒரு நீண்ட குழாயைச் சூழ்வாயுவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, லட்சக்கணக்கான ஒளியாண்டுகளுக்குச் செருகுவதாக வைத்துக்கொள்வோம். அதற்குள் அகப்படும் ஆக்சிஜன்-6 அயனிகள் சுமார் 300 லட்சம் கோடி. பெரிய எண்ணாகத் தோன்றுகிறதா? உங்கள் அறையிலுள்ள காற்றில் ஒரு கன செ.மீ.-க்குள் 2.5 லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. அதாவது, அந்தக் குழாய் முழுவதிலும் உள்ள அயனிகளின் எண்ணிக்கை, ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள காற்றுப் படலத்திலுள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கைக்குத்தான் சமம்! இவ்வளவு சொற்பத்தை அளப்பது மனித ஆற்றலின் சாதனை. அதே காரணத்தால், அந்த அளவீட்டிலிருந்து பெரிய முடிவுகளுக்குத் தாவும்போது ஒவ்வொரு படியையும் கவனித்து வைக்க வேண்டும்.

முதற்செய்தி: "தொட்டுவிட்டன"

2020-ஆம் ஆண்டு நிக்கோலஸ் லேனர் தலைமையிலான குழு ஆண்ட்ரோமீடாவின் சூழ்வாயுவைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. 2011 ஆய்வில் ஒவ்வொரு மண்டலத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு குவாசர்தான் கிடைத்தது. நாற்பத்திரண்டு பேரின் ஆளுக்கொரு எலும்பை எடுத்து அடுக்கி, 'மனித எலும்புக்கூடு இப்படித்தான் இருக்கும்' என்று கூறுவதைப் போன்ற முறை அது. வேறு வழியில்லாதபோது அது தவறுமில்லை. ஆனால் ஆண்ட்ரோமீடா நமக்கு 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலேயே இருப்பதால் வானில் அகன்று தெரிகிறது. எனவே அதன் பின்னே 43 குவாசர்கள் கிடைத்தன. ஒரே மண்டலத்தின் சூழ்வாயுவில் 43 துளைகளிட்டுப் பார்த்ததுபோல் ஆயிற்று. இதற்கு முன் எந்த மண்டலத்துக்கும் இத்தகைய பரிசோதனை நடந்ததில்லை. இந்த ஆய்வைப் பாராட்டியே ஆக வேண்டும்.

இந்த ஆய்வை விளக்கும் அறிக்கை, சூழ்வாயு 13 லட்சம் ஒளியாண்டு வரையிலும், சில திசைகளில் 20 லட்சம் ஒளியாண்டு வரையிலும் பரவியிருப்பதாகவும், நமது மண்டலத்தின் சூழ்வாயுவுடன் ஏற்கெனவே முட்டுவதாகவும் கூறியது. கண்ணால் காண முடிந்தால் அது வானில் எப்படித் தெரியும் என்று ஓவியர்கள் வரைந்த அழகிய படமும் உடன் வந்தது. அந்தப் படம் உலகெங்கும் பரவியது. 'கண்ணால் காண முடிந்தால்' என்ற சொற்கள் அந்த அளவுக்குப் பரவவில்லை.

படத்தில் என்ன தவறு? அளவில் பெரிய தவறில்லை. நீங்களே கணக்கிடலாம். 13 லட்சம் ஒளியாண்டு ஆரமுள்ள கோளத்தை 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலிருந்து பார்த்தால், அது வானில் சுமார் 60 டிகிரி அகலத்தை அடைக்கும். சப்தரிஷி மண்டலம் என நாம் காணும் ஏழு நட்சத்திரங்கள் அடைப்பது சுமார் 25 டிகிரி. எனவே 'மிகப் பெரியது' என்பது மெய்யே. ஆனால் அளக்கப்பட்டவை 43 புள்ளிகள். இடைப்பட்ட பரப்பு முழுவதும் ஓவியரின் தூரிகை. இதைப் படத்தினடியில் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் படத்தின் அழகு குறையாது. படிப்பவனின் அறிவு கூடும்.

அடுத்து, 'ஓரம்' என்பதை எடுத்துக்கொள்வோம். 13 லட்சம், 20 லட்சம் என்று இரண்டு எண்கள் ஏன் வந்தன? மூன்று எலக்ட்ரான்களுக்கும் குறைவாக இழந்த சிலிக்கான் அயனிகளைத் தேடினால் அவை ஓரளவு தொலைவுக்குப் பின் அரிதாகிவிடுகின்றன. ஆக்சிஜன்-6-ஐத் தேடினால் ஆராயப்பட்ட எல்லை முழுவதும், சுமார் 18 லட்சம் ஒளியாண்டு வரை, அது தென்படுகிறது. ஆக்சிஜன்-6-ஐ அளக்கப் பியூஸ் செயற்கைக்கோள் (1999-2007) எடுத்துவைத்த பழைய பதிவுகள் தேவைப்பட்டன. எனவே அந்த அளவீடு 43 திசைகளில் ஒரு பகுதிக்கு மட்டுமே உண்டு. ஆக, ஓரம் என்பது எந்த அயனியைக்கொண்டு தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. மல்லிகைப் பந்தலின் மணம் எங்கே முடிகிறது என்று கேட்டால், யாருடைய மூக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது அல்லவா? அதுபோன்றதே இதுவும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. மகெல்லன் முகில்கள் எனப்படும் இரு சிறு மண்டலங்களிலிருந்து பிரிந்து நீண்டு கிடக்கும் வாயு ஓடை ஒன்று ஆண்ட்ரோமீடாவின் திசையிலும் குறுக்கிடுகிறது. அதன் வேகமும் ஆண்ட்ரோமீடா வாயுவின் வேகமும் சில இடங்களில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. எந்தக் கோடு யாருடையது என்று பிரிக்க ஆய்வாளர்கள் மிகவும் பாடுபட்டிருக்கிறார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையில் பக்கம் பக்கமாக இடம்பெற்ற இந்த உழைப்பு, செய்திகளில் ஒரு வாக்கியமாகக்கூட வரவில்லை. விஞ்ஞானிகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதை மாணவன் கற்றிருக்கக்கூடிய இடம் இதுதான்.

இப்போது முக்கியமான கேள்வி: இரண்டும் தொட்டுவிட்டனவா? ஆண்ட்ரோமீடாவின் பக்கம் அளக்கப்பட்டது. நமது பக்கம்? நாம் நமது மண்டலத்துக்குள்ளேயே இருக்கிறோம். வீட்டுக்குள் இருப்பவன் வீட்டின் வெளித்தோற்றத்தைக் காண முடியாததுபோல், நமது சூழ்வாயு எவ்வளவு தூரம் விரிகிறது என்பதை நேரடியாக அளப்பது மிகக் கடினம். ஆண்ட்ரோமீடாவைப் போலவே நமதும் இருக்கும் எனில், இரண்டின் ஓரங்களும் சந்திக்கும். இந்த 'எனில்' நியாயமானதே. இரண்டும் ஓரளவு ஒத்த மண்டலங்கள். ஆனால் அது அனுமானம். செய்தித் தலைப்பிலோ அது முற்றிலும் மறைந்துவிட்டது.

தொடுவதால் ஏதேனும் நிகழுமா என்றால், நாம் அஞ்சவோ மகிழவோ எதுவுமில்லை. சூழ்வாயுவின் வெளிப்பகுதியில் ஒரு கன மீட்டருக்கு 100 துகள்கள் என்று வைத்துக்கொள்வோம். 90 கன மீட்டர் உள்ள ஒரு வகுப்பறையில் 9,000 துகள்களே இருக்கும். 10 லட்சம் டிகிரி வெப்பநிலை என்றால், ஒவ்வொரு புரோட்டானும் விநாடிக்குச் சுமார் 150 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். ஆயினும் அந்த 9,000 துகள்களின் ஆற்றல் முழுவதையும் திரட்டினாலும் ஒரு துளி நீரின் வெப்பநிலையை உணரத்தக்க அளவு உயர்த்த முடியாது. 'சூரியனின் மேற்பரப்பைவிட நூறு மடங்குக்கு மேல் வெப்பம்' என்று எழுதுபவர்கள், வெப்பநிலை வேறு, வெப்ப ஆற்றல் வேறு என்ற பாடத்தையும் அதே வரியில் சொல்லியிருந்தால், அது சிறந்த பெளதிக வகுப்பாகியிருக்கும்.

"மோதல் தொடங்கிவிட்டது" என்று மேலும் ஒரு படி சென்று எழுதியவர்களும் உண்டு. மோதலைப் பற்றிய இன்றைய நிலை என்ன? ஆண்ட்ரோமீடா விநாடிக்குச் சுமார் 110 கி.மீ. வேகத்தில் நம்மை நெருங்குகிறது. 2012-இல் ஹப்பிள் அளவீடுகளைக்கொண்டு, சுமார் 400 கோடி ஆண்டுகளில் மோதல் உறுதி என்ற முடிவு அறிவிக்கப்பட்டது. 2025-இல் வெளியான ஓர் ஆய்வு, பெரிய மகெல்லன் முகிலின் ஈர்ப்பையும் அளவீடுகளின் பிழைகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் இரண்டும் ஒன்றாகிவிடுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதிதான் என்று கூறுகிறது. வரும் என்றே உறுதியில்லாத மோதலைத் தொடங்கிவிட்டதாக எழுதுவது எப்படிச் சரியாகும்?

இரண்டாம் செய்தி: "காணாமற்போன பொருள் கிடைத்தது"

முதலில் எது காணாமற்போயிற்று என்று கேட்போம். பிரபஞ்சத்தின் தொடக்க ஒளியை ஆராய்ந்ததில், புரோட்டான், நியூட்ரான் போன்றவற்றாலான சாதாரணப் பொருள் எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத இருட்பொருளையும் சேர்த்துக்கொண்டால், மொத்தப் பொருளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அது. பால்வழி போன்ற ஒரு மண்டலத்தின் மொத்த நிறையில் ஆறில் ஒரு பங்கைக் கணக்கிட்டு, நட்சத்திரங்களையும் தட்டிலுள்ள வாயுவையும் கூட்டிப் பார்த்தால் பாதிகூடத் தேறுவதில்லை. மீதி எங்கே என்பதே கேள்வி. சூழ்வாயுவில் இருக்கலாம் என்பது இயல்பான பதில்.

எவ்வளவு இருக்கிறது? இங்குதான் வாசகர்கள் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். நாம் காண்பது ஆக்சிஜன்-6 போன்ற சில அயனிகளை மட்டுமே. அதிலிருந்து மொத்த நிறைக்குச் செல்லப் படிகள் உண்டு. முதற்படி: மொத்த ஆக்சிஜனில் எத்தனை பங்கு இந்த நிலையில் உள்ளது? மிகச் சாதகமான வெப்பநிலையில்கூட அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். இரண்டாம் படி: ஓர் ஆக்சிஜன் அணுவுக்கு எத்தனை ஹைட்ரஜன் அணுக்கள்? சூரியனில் சுமார் 2,000. சூழ்வாயுவும் சூரியனைப் போன்றதெனில், ஓர் ஆக்சிஜன்-6 அயனிக்குப் பின்னால் 5 ஆக்சிஜன் அணுக்களும், 10,000 ஹைட்ரஜன் அணுக்களும் நிற்கின்றன. சூழ்வாயுவில் ஆக்சிஜன் விகிதம் சூரியனைவிடப் பத்தில் ஒரு பங்கு எனில், அந்த 10,000 ஒரு லட்சமாகிவிடும். அளவீடு மாறவில்லை, 'எனில்' மாறியது, விடை பத்து மடங்காயிற்று.

இது கற்பனை அச்சம் என எண்ண வேண்டாம். மேலே சொன்ன ஹப்பிள் ஆய்வின் தரவுகளிலிருந்து, மண்டலங்களைச் சூழ்ந்த குளிர்ந்த வாயுவின் நிறையை ஜெசிகா வெர்க் குழுவினர் 2014-இல் கணித்தனர். (இங்கே 'குளிர்ந்த' என்றால் சுமார் 10,000 டிகிரி!) குறைந்தது 6,500 கோடி சூரிய நிறை என்பது அவர்கள் விடை. 2016-இல் ஜோனதன் ஸ்டெர்ன் குழுவினர், அதே ஆய்வின் அளவீடுகளுக்கு வேறொரு அடர்த்தி அமைப்பைப் பொருத்திப் பார்த்து, சுமார் 1,300 கோடி என்றனர். 2017-இல் சேவியர் புரோச்சாஸ்கா குழுவினர் 9,200 கோடி என்று கூறி, அதில் 4,300 கோடி கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் குறித்தனர். ஒரே மண்டலங்களைப் பற்றிய விடைகள் ஏழு மடங்கு வேறுபடுகின்றன. யாரும் கணக்கில் தவறவில்லை. அடர்த்தி எப்படிப் பரவியுள்ளது என்ற அனுமானத்தில்தான் வேறுபாடு. புரோச்சாஸ்கா குழுவினர் தம் பிழை எல்லையை மறைக்காமல் எழுதினர் என்பதையும் கவனியுங்கள். அதை விட்டுவிட்டு முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது யாருடைய குற்றம்?

2012-இல் வந்த செய்தி ஒன்றையும் பார்ப்போம். அஞ்சலி குப்தா, ஸ்மிதா மாத்தூர் ஆகியோரைக் கொண்ட குழு, சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் உதவியால் நமது மண்டலத்தைச் சூழ்ந்த மிகச் சூடான வாயுவை ஆராய்ந்தது. அதன் நிறை நமது மண்டலத்து நட்சத்திரங்கள் அனைத்தின் நிறைக்கும் ஒப்பாக இருக்கக்கூடும் என்றனர். அவர்கள் பயன்படுத்திய உத்தி அழகானது. ஒரு கூட்டத்தில் ஆட்களின் எண்ணிக்கை நெருக்கத்தைப் பொறுத்தது. ஆனால் அவர்களுக்குள் நடக்கும் கைகுலுக்கல்களின் எண்ணிக்கை நெருக்கத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதுபோல, வாயு ஒளியை உட்கவர்வது அடர்த்தியைப் பொறுத்தது. துகள்கள் மோதி ஒளியை உமிழ்வது அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டையும் அளந்தால், அடர்த்தியை நீக்கிவிட்டு வாயுவின் நீளத்தைக் கண்டுவிடலாம்.

ஆனால் இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஒளியை உட்கவர்ந்த வாயுவும் உமிழ்ந்த வாயுவும் ஒரே வாயுவாக, ஒரே சீராக இருக்க வேண்டும். உட்கவர்தல் குவாசர்கள் போன்ற விளக்குகள் உள்ள சில திசைகளில் அளக்கப்பட்டது. உமிழ்தலோ பிற திசைகளின் சராசரி. பெரும்பகுதி தட்டுக்கு அருகிலேயே திரண்டிருக்குமானால், நீளமும் நிறையும் வெகுவாகச் சுருங்கிவிடும் என்று வேறு ஆய்வாளர்கள் வாதிட்டனர். இது விஞ்ஞானத்தில் இயல்பான, ஆரோக்கியமான விவாதம். 'கிடைத்துவிட்டது' என்ற தலைப்பு அந்த விவாதத்தை வாசகனுக்கு மறைத்துவிட்டது.

அப்படியானால் உண்மையில் கிடைக்கவே இல்லையா? கிடைத்திருக்கிறது, ஆனால் வேறு வழியில், வேறு இடத்தில். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் ரேடியோ மின்னல்கள் தொலைதூர மண்டலங்களிலிருந்து வருகின்றன. வழியிலுள்ள எலக்ட்ரான்கள் குறைந்த அதிர்வெண் அலைகளை அதிகம் தாமதப்படுத்துகின்றன. அந்தத் தாமதத்தை அளந்தால் வழியில் எத்தனை எலக்ட்ரான்கள் என்று எண்ணிவிடலாம். ஆக்சிஜன் விகிதமும் வேண்டாம், வெப்பநிலையும் வேண்டாம். 'எனில்'கள் குறைந்த முறை இது. 2020-இல் ஜான்-பியர் மக்கார்ட் குழுவினர் இம்முறையில், சாதாரணப் பொருளின் மொத்தக் கணக்கு சரியாக இருப்பதைக் காட்டினர். 2025-இல் லியாம் கானர் குழுவினர் 69 ரேடியோ மின்னல்களைக்கொண்டு, சாதாரணப் பொருளில் சுமார் 76 சதவீதம் மண்டலங்களுக்கு இடைப்பட்ட வெளியிலும், சுமார் 15 சதவீதம் மண்டலங்களின் சூழலிலும், எஞ்சியது நட்சத்திரங்களிலும் குளிர்ந்த வாயுவிலும் உள்ளதாகக் கணித்தனர்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. 'பிரபஞ்சத்தில் காணாத பொருள்' என்பது ஒரு கேள்வி. 'ஒரு மண்டலத்தில் காணாத பொருள்' என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு நல்ல விடை கிடைத்துவிட்டது. பால்வழி போன்ற ஒரு மண்டலம் தன் பங்கில் எவ்வளவைத் தன்னிடம் வைத்திருக்கிறது, எவ்வளவை வெளியே ஊதித் தள்ளிவிட்டது என்ற இரண்டாவது கேள்வி இன்னும் முடியவில்லை. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்த செய்திகள், ஒன்றின் விடையை மற்றதன் விடையாக்கிவிட்டன.

மூன்றாம் செய்தி: "படம் பிடித்துவிட்டனர்"

2024-இல் நிக்கோல் நீல்சன் குழுவினர், ஹவாய்த் தீவிலுள்ள கெக் தொலைநோக்கியால், 27 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு மண்டலத்தைச் சூழ்ந்த வாயு தானே உமிழும் ஒளியைப் பதிவு செய்தனர். மண்டலத்தின் நட்சத்திர ஒளிக்கு வெகு அப்பால், ஒரு லட்சம் ஒளியாண்டு வரை வாயு தெரிந்தது. பின்னால் விளக்கு வைத்துத் துளையிட்டுப் பார்ப்பதை விட்டு, பரப்பு முழுவதையும் காண்பது பெரிய முன்னேற்றம். தட்டிலுள்ள வாயுவுக்கும் சூழ்வாயுவுக்கும் தன்மை மாறும் இடத்தையே அவர்கள் காட்டிவிட்டனர். மூன்று செய்திகளில் தலைப்புக்கு மிக நெருங்கிய சான்றுள்ளது இதுவே.

ஆயினும் இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. படமெடுக்கப்பட்டது வழக்கத்தைவிட மிக வேகமாக நட்சத்திரங்களை ஈன்று, வாயுவை வெளியே வீசிக்கொண்டிருக்கும் மண்டலம். அருகில் ஒரு துணை மண்டலமும், இரண்டுக்கும் இடையே இழுபட்ட வாயுவும் உண்டு. திருவிழா நாளில் ஊருக்குள் வந்தவன், இவ்வூரில் என்றும் இவ்வளவு கூட்டம் இருக்கும் என எழுதலாமா? இந்தப் படத்தைக் காட்டி, 'நமது பால்வழியும் இப்படித்தான்' என்று சொல்வதும் அவ்வாறே.

வாசகர் செய்யக்கூடியது

ஆய்வாளர்கள் மீது நான் பழி சுமத்தவில்லை என்பது இதுவரை தெளிவாகியிருக்கும். அவர்களுடைய கட்டுரைகளில் 'எனில்'கள் அனைத்தும் உள்ளன. அறிக்கை எழுதுவோர் மீதும் முழுப் பழி இல்லை. மக்கள் ஆதரவும் பணமும் இல்லாமல் தொலைநோக்கிகள் இயங்கா. ஆனால் தமிழில் எழுதுபவர்களாகிய நமக்கு அந்த நெருக்கடி ஏதும் இல்லை. நாம் யாருக்கும் தொலைநோக்கி விற்கவில்லை. வியப்புடன் சேர்த்து வழிமுறையையும் சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

சிலர் சொல்வார்கள்: 'பாமர வாசகனுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு? அவனுக்குப் புரியுமா?' புரியும். நகை வாங்கும்போது செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்கத் தெரிந்தவர்கள்தாம் நமது மக்கள். அதே கேள்வியை விஞ்ஞானச் செய்தியிடமும் கேட்கலாம். நேரடியாக அளக்கப்பட்டது எது? அளவீட்டிலிருந்து முடிவுக்கு எத்தனை படிகள்? ஒவ்வொரு படியிலும் எதை அனுமானித்தார்கள்? அனுமானத்தை மாற்றினால் விடை எவ்வளவு மாறும்? இந்த நான்கு கேள்விகளுக்கும் இடமளிக்கும் கட்டுரை நல்ல விஞ்ஞானக் கட்டுரை. இடமளிக்காதது எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் விளம்பரமே.

சூழ்வாயு ஆராய்ச்சி சிறு விஷயமன்று. சூரியனைப் போன்ற நட்சத்திரங்கள் பிறக்க வேண்டிய வாயு அங்கிருந்துதான் தட்டுக்குள் வந்து இறங்குகிறது என்றும், வெடித்த நட்சத்திரங்கள் ஆக்கிய ஆக்சிஜனில் ஒரு பகுதி அங்கு சென்று தங்குகிறது என்றும் கருத வலுவான சான்றுகள் உள்ளன. சில மண்டலங்கள் ஏன் ஓய்ந்துபோயின என்ற வினாவுக்கும் விடை அங்கேதான் இருக்கக்கூடும். இவ்வளவு பெரிய கதையின் பாதிதான் எழுதப்பட்டுள்ளது. மீதியை எழுதப்போகும் சிலர் இன்று தமிழ்வழிப் பள்ளிகளில் படித்துக்கொண்டிருக்கலாம். கதை முடிந்துவிட்டது என்று அவர்களிடம் சொல்லிவிட்டால், அவர்கள் எதை ஆராயப் போவார்கள்? 1956-இல் ஸ்பிட்சர் தலைப்பிலேயே வைத்த 'சாத்தியமான' என்ற அந்தச் சொல்லை, நமது செய்திகளிலும் அதற்குரிய இடத்தில் வைப்போம்.